மேலே மினுக்கம், அடியில் கறள்

கேள்வி: அப்பாவின் 1965ஆம் ஆண்டு லாண்ட் ரோவர் பல வருடமாகக் கடற்கரைப் பக்கம் நிற்கிறது. மேல்தகட்டில் கறளே இல்லை. பெயின்ற் அடித்து ஓட்டலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: பொறுங்கள் தம்பி. மேல்தகடு அலுமினியம், அதில் கறள் பிடிக்காது. சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், இரும்பு; பெட்டி மாதிரி உள்ளே வெற்றிடம். உப்பு ஈரம் உள்ளிருந்தே தின்னும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்றால் சரி, ‘டொக்’ என்றால் தகடு மெலிந்துவிட்டது. சேசிஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை முதலில் பாருங்கள். என் வண்டியில் அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை இறங்கியது; நெஞ்சு பகீரென்றது. கறளுக்கு மேலேயே தகடு வைத்து ஒட்ட விடாதீர்கள். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். வெல்டிங்குக்கு முன் பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றிவிடுங்கள். அப்புறம் பிரேக்கைப் பாருங்கள். பெயின்ற் கடைசி வேலை.