கருமுட்டை தானமா, தத்தெடுப்பா: எதற்கு அவசரம், எதற்கு நிதானம்?

கேள்வி: எனக்கு 39 வயது, கணவருக்கு 44. இரண்டு முறை ஐவிஎஃப் செய்தும் கரு தங்கவில்லை. தானமாகப் பெறும் கருமுட்டையைக் கொண்டு முயலலாம் என்கிறார் மருத்துவர். கொழுந்தனாரோ, தமக்குப் பிறக்கவிருக்கும் மூன்றாவது குழந்தையைத் தந்துவிடுவதாகச் சொல்கிறார். சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு தத்தெடுப்பைப் பற்றி யோசிக்கலாமா?

பதில்: சிகிச்சைக்கு அவசரம், தத்தெடுப்புக்கு நிதானம் என்றே பெரும்பாலான தம்பதியர் நினைக்கிறார்கள். உங்கள் நிலையில் அது ஏறக்குறைய தலைகீழ். சொந்தக் கருமுட்டையில் முயன்றவரை ஒவ்வோர் ஆண்டும் முக்கியமாக இருந்தது. தானக் கருமுட்டையில் வெற்றி வாய்ப்பைப் பெரிதும் தீர்மானிப்பது தானம் தருபவரின் வயது. சட்டப்படி அவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வரை அனுமதி உண்டு. வயது ஏற ஏறக் கர்ப்பகால ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடும் என்பதால் காலவரையின்றித் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ஓராண்டு யோசிக்க இடமிருக்கிறது என்கிறேன்.

தத்தெடுப்பில் அந்த இடம் குறைவு. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கோரும் தம்பதியின் கூட்டு வயது, பதிவு செய்யும் நாளில் 85ஐத் தாண்டக் கூடாது. உங்களுடையது இன்று 83. ஆண்டுக்கு இரண்டு வீதம் ஏறி, இரண்டே ஆண்டுகளில் 87 ஆகிவிடும். அப்போது இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கே விண்ணப்பிக்க முடியும். பதிவு செய்தபின்னும் கைக்குழந்தைக்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எனவே இருவருக்கும் உண்மையான சம்மதம் இருந்தால் இப்போதே பதிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் அரைமனதாகத் தலையாட்டினால் பொறுங்கள்; வீட்டு ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் அதைத்தான் முதலில் கவனிப்பார்.

கொழுந்தனார் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம்: சுமப்பவர் உங்கள் ஓரகத்தி, சொன்னவர் அவர் கணவர். குழந்தை பிறந்து சில வாரங்கள் கழிந்தபின், ஓரகத்தியிடமே தனியாகக் கேளுங்கள். இந்துக்களானால், 1956ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டப்படி பெற்றோர் முறையாகக் கொடுக்க, நீங்கள் பெற்று, தத்துப் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். செல்லுபடியான தத்தை இரு தரப்பும் பின்னர் ரத்து செய்ய முடியாது. மருத்துவமனைப் பதிவேட்டிலேயே உங்களைத் தாய் என்று எழுதிவிடலாம் என்று யார் சொன்னாலும் இணங்காதீர்கள். அது பொய்ப் பதிவு; குற்றமும் ஆகும்.

இவை எதுவும் வேண்டாம், இருவராகவே வாழ்கிறோம் என்று நிறுத்திக்கொள்வதும் முறையான முடிவே. அப்படியானால் இருவரும் உயில் எழுதிவிடுங்கள். பிள்ளையில்லாத இந்துப் பெண் உயிலின்றி இறந்து, கணவரும் முன்பே காலமாகியிருந்தால், அவர் தாமே சம்பாதித்த சொத்து பெற்றோருக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்கே போகும். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து மட்டுமே தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும்.