நர்சிங் சேர விரும்பும் மகளின் பெற்றோருக்கு

வணக்கம். உங்கள் மகள் பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள், உறவினர்களோ, "டாக்டர் சொன்னதைச் செய்கிற வேலைக்கு நான்கு வருடப் படிப்பா?" என்று கேட்டு உங்களைக் குழப்புகிறார்கள். அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் படிப்பின் மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் வரும் வயதுவந்தோர் நலச் செவிலியம், சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, ஆஸ்துமா, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பு என்று பொது வார்டில் அன்றாடம் காணும் நிலைகளைக் கற்றுத்தருகிறது. இதில் பாதி வேலை நோயாளிக்குக் கற்பிப்பது. முதல் முறையாக இன்சுலின் எழுதிக்கொடுக்கப்பட்டு வீடு திரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நம் மருந்துக்கடைகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் உள்ள குப்பியும் உண்டு, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தும் உண்டு. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் உடம்புக்குள் போய்விடும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கொழுப்பு தடித்து மருந்து சீராக ஏறாது என்பதையும், வியர்த்துக் கை நடுங்கி ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பதையும், சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு நடந்தால் மரத்துப்போன பாதம் கொப்பளித்தாலும் தெரியாது என்பதையும் செவிலியர்தான் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆகவே நல்ல செவிலியர் சிரிஞ்சை நோயாளியின் கையிலேயே கொடுத்து, மருந்தை எடுத்துக்காட்டச் சொல்வார். இதைச் சரியாகச் செய்ய நோயும் தெரிய வேண்டும், மனிதரும் தெரிய வேண்டும். நான்கு வருடம் அதற்குத்தான்.

வேலையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவு, இரவுப் பணியும் உண்டு. இதை மகளிடம் மறைக்காதீர்கள். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய்க் கவனிப்பை வீட்டு வாசலுக்கே கொண்டுபோயிருக்கிறது. கற்பிக்கத் தெரிந்த செவிலியருக்கு அங்கும் தேவை இருக்கிறது.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீங்கள் உண்மையாக உதவ முடியும். இந்திய நர்சிங் கவுன்சில், மாநில நர்சிங் கவுன்சில் ஆகியவற்றின் அங்கீகாரத்தையும், கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பையும் பணம் கட்டுமுன் சரிபாருங்கள். கட்டடத்தைவிட முக்கியம், மாணவிகள் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள், அங்கே நோயாளிகள் நிறைய வருகிறார்களா என்பது. சென்னை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கட்டணம் குறைவு, வார்டு அனுபவமோ ஏராளம். மற்ற இடங்களில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம் நேரில் பேசி, டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிக்கு அவரே விளக்கிச் சொல்லியிருக்கிறாரா, ஆசிரியர் அருகில் நின்று திருத்தினாரா என்று கேளுங்கள். படுக்கை விரித்ததும் பிரஷர் பார்த்ததும் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று அவர் சொன்னால், அந்தக் கல்லூரியை உங்கள் விருப்பப் பட்டியலில் கீழே தள்ளிவிடுங்கள்.