மாலையில் எஸ்9 இரைச்சல்: எர்த் குழி தோண்டும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: திருநெல்வேலியில் இருக்கிறேன். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டாவது மாடிக்கு மேல் மொட்டை மாடியில் 40 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் ஆண்டெனாவை இன்வெர்டட் வீ-யாக (தலைகீழ் V வடிவில்) கட்டியிருக்கிறேன். பகலில் இரைச்சல், ரேடியோவில் சிக்னலின் அளவைக் காட்டும் எஸ் மீட்டரில் எஸ்3-ஐத் தாண்டுவதில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு எஸ்9-க்கு ஏறிவிடுகிறது, பத்தரை வரை யாருடைய குரலும் கேட்பதில்லை. கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட் (கேபிளில் ஓடும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள்) ஆறு வாங்கி கேபிளில் மாட்டினேன், பயனில்லை. ரேடியோவுக்குத் தனியாக எர்த் குழி போடச் சொல்கிறார்கள், 8,000 ரூபாய் ஆகுமாம். போடலாமா? இன்னொன்று, நான் பேசும்போது ஹாலில் இருக்கும் ஹோம் தியேட்டர் கரகரக்கிறது.

பதில்: குழியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மின்பாதுகாப்புக்கும் இடி மின்னலுக்கும் எர்த் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் உங்கள் இரைச்சலுக்கு அது மருந்தல்ல. 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர், அதில் கால் பங்கு பத்தரை மீட்டர். உங்கள் அறையிலிருந்து சுவரோரமாகக் குழிவரை இறங்கும் கம்பி கிட்டத்தட்ட அந்த நீளம் வரும். அடிமுனை மண்ணில் இருக்கும் கால் அலைக் கம்பி, மேல்முனையில் ரேடியோ அலைக்கு எர்த்தாகவே தெரியாது, பெரிய தடையாகத்தான் தெரியும். போதாததற்கு, சுவருக்குள் ஓடும் வயரிங்கின் இரைச்சலைப் பிடித்து உங்கள் ரிக்குக்கு (ரேடியோ செட்டுக்கு) கொண்டுவந்து சேர்க்கவும் செய்யும்.

எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். எஸ்3-க்கும் எஸ்9-க்கும் நடுவே ஆறு படி, 36 டெசிபெல். அதாவது சக்தியில் ஏறக்குறைய 4,000 மடங்கு. கீழ்ப்படிகளில் மீட்டர்கள் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை என்று கழித்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய ஏற்றத்துக்குக் காரணம் பக்கத்தில்தான் இருக்கும். அநேகமாக ஒன்றோ இரண்டோ பொருள்தான்.

ஒரு பங்கு இயற்கையுடையது, அதை முதலில் பிரித்துவிடலாம். பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு 40 மீட்டர் அலைகளை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடும். அதனால் தூரத்து நிலையங்கள் வரும், கூடவே தூரத்து இடிமழையின் சத்தமும் வரும். இதைத்தான் நாம் கியூ.ஆர்.என். என்கிறோம். கோடை மழைக் காலத்திலும் ஐப்பசி மழையிலும் இது அதிகம். காதில் கேட்டாலே தெரிந்துவிடும்: ஒழுங்கில்லாமல் சடசடவென்று வெடித்து வெடித்து வரும், நடுவில் அமைதி இருக்கும். மனிதன் செய்த பொருளிலிருந்து வரும் கியூ.ஆர்.எம். அப்படியல்ல, விடாமல் உறுமும். டயலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். 50, 60 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மேடு மேடாக இரைச்சல் ஏறி இறங்கினால் அது ஏதோ ஒரு ஸ்விட்ச்மோட் பவர் சப்ளை (கரண்டை மிக வேகமாக விட்டு விட்டு மாற்றித் தருவது). எல்.இ.டி. பல்பு, சார்ஜர், செட் டாப் பாக்ஸ் அடாப்டர், இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பி.எல்.டி.சி. ஃபேன், எல்லாம் இந்தச் சாதிதான். இவற்றில் நல்ல சர்க்கியூட் போர்டில், கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஒரு சிறு சோக்கும் (கம்பிச் சுருள்) கெப்பாசிட்டரும் இருக்கும். மலிவான பல்பைப் பிரித்துப் பார்த்தால் அந்த இடம் காலியாகவே இருக்கும், சோக்குக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள்.

இனி தேடல். நாளை மாலை இரைச்சல் ஏறியதும் ஆண்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும், அலையைப் பிடிக்காத ரெசிஸ்டர்) மாட்டுங்கள். இரைச்சல் விழுந்துவிட்டால் அது ஆண்டெனா வழியாக வருகிறது. அப்படியே நின்றால் பவர் வயர் வழியாக வருகிறது. அப்போது உங்கள் ரிக்கின் சப்ளையையே சந்தேகப்படுங்கள். எல்.இ.டி. விளக்குப் பலகைக்கென்று விற்கும், ஓட்டை போட்ட தகரப் பெட்டி சப்ளையைத்தான் நம்மில் பலரும் 13.8 வோல்ட்டுக்குத் திருகி வைத்துப் பயன்படுத்துகிறோம். அது பெரும்பாலும் நல்ல பிள்ளையல்ல.

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை. ரிக்கை ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டு, மெயினை இறக்குங்கள். இங்கேதான் நம் வீடுகளில் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். மெயினை இறக்கிய நொடியில் இன்வெர்ட்டர் எழுந்துகொள்ளும். விளக்கும் ஃபேனும் அதில் ஓடும், இன்வெர்ட்டரும் தன் பங்குக்குச் சத்தம் போடும். மீட்டர் அசையாததைப் பார்த்துவிட்டு, “என் வீடு சுத்தம், வெளியிலிருந்துதான் வருகிறது” என்று முடிவுகட்டிப் பக்கத்து வீட்டுக்காரருடன் மனத்தாங்கலில் முடிந்த கதைகள் எனக்குத் தெரியும். இன்வெர்ட்டரின் ஸ்விட்சையும் அணையுங்கள். ஃபேன் நின்று வீடு முழுக்க இருட்டானால்தான் சோதனை ஆரம்பம்.

அந்த இருட்டில் இரைச்சல் எஸ்3-க்கு இறங்கினால் நிம்மதி, திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். எம்.சி.பி.-க்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். எந்த அறையைப் போடும்போது ஏறுகிறதோ, அங்கே இருப்பதை ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து உருவுங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. ரிமோட்டில் அணைத்த டி.வி.யும் செட் டாப் பாக்ஸும் உள்ளே விழித்துத்தான் இருக்கின்றன.

இருட்டிலும் எஸ்9 குறையவில்லையென்றால் வெளியே போக வேண்டும். பேட்டரியில் ஓடும் சாதாரண மீடியம் வேவ் பாக்கெட் ரேடியோ இருந்தால் போதும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் ட்யூன் செய்து, கையில் பிடித்துக்கொண்டு நடங்கள். உள்ளே ஒரு ஃபெரைட் குச்சி படுத்திருக்கும். ரேடியோவைத் திருப்பிக்கொண்டே வரும்போது ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அமுங்கும். அப்போது குச்சியின் ஏதோ ஒரு முனை, சத்தம் வரும் திசையைக் காட்டும். இன்னோர் இடத்தில் நின்று மறுபடி பாருங்கள், இரண்டு கோடும் சந்திக்கும் பக்கம் போங்கள். சுவரை ஒட்டி நடந்தால் இது குழப்பும், ஏனென்றால் பல்பின் இரைச்சல் வயரிங் முழுக்கப் பரவி ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டிலும் கத்தும். திறந்த தெருவில் நின்று செய்யுங்கள்.

நேரத்தையும் குறித்துவையுங்கள். தெருவிளக்கு எரியும் அதே நிமிடத்தில் மீட்டர் ஏறுகிறதா? எல்.இ.டி. தெருவிளக்காக இருக்கலாம். ஆனால் அது விடியும்வரை எரியும், உங்கள் இரைச்சலோ பத்தரைக்கு அடங்கிவிடுகிறது. ஆகவே எனக்கு என்னவோ, ஒரு குடும்பம் விளக்கணைத்துப் படுக்கப்போகும் நேரம்போலத்தான் தெரிகிறது.

என் வீட்டிலும் ஒருமுறை இப்படித்தான். தினமும் சரியாக ஆறு மணிக்கு ஏறும், பத்துக்கு இறங்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தாயிற்று. ஒரு வாரத்துக்கு மேல் பாக்கெட் ரேடியோவுடன் தெருவில் அலைந்ததில், அது பக்கத்து வீட்டு வரவேற்பறை ஜன்னலைக் காட்டியது. டைமர் வைத்த மீன் தொட்டி விளக்கு. “அக்கா, இரண்டு நிமிஷம் இந்த லைட்டை அணைக்க முடியுமா?” என்று கேட்டேன். மீட்டர் விழுந்துவிட்டதாக என் மகன் மாடியிலிருந்து குரல் கொடுத்தான். இரைச்சல் இல்லாத விளக்கு ஒன்றை நானே வாங்கிக்கொண்டுபோய் மாட்டினேன். அன்றிரவு பல வாரங்களுக்குப் பிறகு பலவீனமான சி.டபிள்யூ. (மோர்ஸ்) சிக்னல்கள் காதில் விழுந்தபோது இருந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக்காட்ட முடியாது.

அக்கம்பக்கத்தில் இப்படித்தான் போக வேண்டும்: புகாருடன் அல்ல, கையில் ஒரு பல்புடன். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் மானிட்டரிங் அமைப்புக்கு எழுத வழி உண்டு, ஆனால் அது கடைசிப் படி. மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சல் வேறு மாதிரி இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை பொறி பறக்கும், அது ஒரு முரட்டு ரீங்காரம். வெயிலில் காய்ந்தால் அதிகமாகும், நல்ல மழை பெய்தால் பெரும்பாலும் அடங்கும். கம்பத்தின் எண்ணைக் குறித்து ஈ.பி. அலுவலகத்தில் கொடுங்கள். கம்பத்தையோ ஸ்டே கம்பியையோ தட்டிப் பார்க்கவே கூடாது.

மூலத்தைப் பிடித்த பிறகும், பிடிக்க முடியாவிட்டாலும், ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். டைபோல் மட்டும்தான் ஆண்டெனா என்று நினைக்கிறோம். அதிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிவலையும் ஓர் ஆண்டெனாதான். வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல் அதன் வெளிப்புறமாக மேலே ஏறி, டைபோலின் நடுவில் நுழைந்து, கேபிளின் உள்பக்கமாகச் சிக்னலோடு சேர்ந்து இறங்குகிறது. இதை வெட்ட டைபோலின் நடுவில் ஒரு காமன் மோட் சோக் (கேபிளின் வெளிப்புறமாக ஓடும் கரண்டைத் தடுப்பது) வேண்டும், முடிந்தால் கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று.

நீங்கள் மாட்டிய ஆறு கிளிப்பும் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதில் அடங்கும். கேபிள் ஒருமுறை நுழைந்துபோகும் கிளிப், 7 மெகாஹெர்ட்ஸில் கொடுக்கும் தடை சில பத்து ஓம்தான். அவற்றில் பலவும் இதைவிட மிக உயர்ந்த அலைவரிசைகளுக்குச் செய்தவை. ஆறு மாட்டினால் ஆறு மடங்கு, அவ்வளவுதான். ஒரே கோரில் (ஃபெரைட் வளையத்தில்) ஆறு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 36 மடங்கு. சுற்றுகளின் வர்க்கமாகத் தடை ஏறுகிறது. சுற்றுகளை அளவுக்கு மீறி ஏற்றினால், சுற்றுகளுக்கு நடுவே உள்ள கெப்பாசிட்டன்ஸ் அதைத் தின்றுவிடும். எஃப்.டி.240-31 என்ற 2.4 அங்குல வளையத்தில் ஆர்.ஜி.58 கேபிளை 12 சுற்று சுற்றினால் 40 மீட்டரில் சில ஆயிரம் ஓம் கிடைக்கும். வாங்கும்போது 31 மிக்ஸ் (ஃபெரைட் கலவையின் எண்) என்று கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் மஞ்சள் உடம்பும் வெள்ளைப் பக்கமுமாகக் கிடைக்கும் வளையங்கள் இரும்புத் தூளில் செய்தவை, பழைய கம்ப்யூட்டர் சப்ளையில் வருபவை. பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு, இந்த வேலைக்கு ஆகாது.

இடம் இருந்தால் டைபோலை வீட்டிலிருந்து சில மீட்டர் தள்ளிக் கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ரிக்கிலுள்ள நாய்ஸ் பிளாங்கரை அதிகம் நம்ப வேண்டாம். அது துடிப்புத் துடிப்பாக வரும் சத்தத்துக்குத்தான் உதவும், தொடர்ந்து வரும் இரைச்சலில் அதற்கு வேலையில்லை.

ஹோம் தியேட்டருக்கு வருகிறேன். அது இதே பாதையின் எதிர்த்திசை. நீங்கள் பேசும்போது நீளமான ஸ்பீக்கர் வயர் உங்கள் அலையைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குள் தள்ளுகிறது, உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் அதை ஒலியாக்கிவிடுகிறது. டைபோலில் சோக் போட்டதுமே கேபிள் வழியாக வீட்டுக்குள் பரவும் பங்கு குறையும். மீதிக்கு அந்த ஆறு கிளிப்பும் இருக்கின்றன, வீணாகவில்லை. கோஆக்ஸிலிருந்து கழற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் ஆம்ப்ளிஃபயரை ஒட்டி ஒரு கிளிப்பில் நுழைகிற வரைக்கும், ஐந்தாறு சுற்றாவது சுற்றி மூடுங்கள். பவர் வயரையும் அதேபோல. பிறகு 10 வாட்டில் தொடங்கிப் பேசிப் பாருங்கள், வீட்டில் ஒருவர் ஹாலில் உட்கார்ந்து கேட்டுச் சொல்லட்டும்.