பூகெரோவின் தோல் நிறம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் பூகெரோவின் ஓவியங்களில் தூரிகைத் தடமே தெரிவதில்லை. நானும் விசிறித் தூரிகையால் நீவி நீவிப் பார்க்கிறேன், முகம் மெழுகுப் பொம்மை போலாகிறது. என்ன தவறு?

பதில்: அந்த நீவல்தான் தவறு. வெளிச்சம், நடுநிழல், முழுநிழல் மூன்றும் ஒன்றாகக் குழைந்தால் எலும்பு இருக்கும் இடமே முகத்தில் தெரியாமல் போகும். வில்லியம் அடால்ஃப் பூகெரோ (1825–1905) கான்வாஸைத் தொடும் முன்பே பாதி வேலையை முடித்துவிடுவார். முதலில் சின்னச் சின்னப் பென்சில் குறிப்புகள். பிறகு மொத்த அமைப்புக்குச் சிறியதாக ஓர் எண்ணெய் வண்ண மாதிரி. அடுத்து மாடலை நிறுத்தி, தலை, கை, துணி மடிப்பு என்று தனித்தனியாக வரைந்து பார்ப்பார். கடைசியில் ஓவியத்தின் முழு அளவிலேயே ஒரு கோட்டுப்படம் தயாராகும். கான்வாஸுக்குப் போவது அந்தக் கோட்டுப்படத்தின் நகல்தான். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் 'வீனஸின் பிறப்பு' (1879) 3 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிய பரப்பில் திருத்தித் திருத்தி வரைந்தால் வண்ணம் சேறாகிவிடும்.

நீங்கள் 40×50 செ.மீ. கான்வாஸில் தொடங்குங்கள். அதே அளவுக் காகிதத்தில் கோட்டுப்படத்தை முடித்து, பின்புறம் கரித்தூள் தடவி, கோடுகளின் மேல் அழுத்தி ஒற்றியெடுங்கள். முதல் பூச்சை டர்பன்டைனில் கரைத்து, நீர்வண்ணம் போல மெல்லியதாகப் போட்டு, ஒரு வாரமாவது காயவிடுங்கள். அதன்மேல் முகம் முழுவதையும் ஒரே அமர்வில், ஈரம் இருக்கும்போதே வரையுங்கள். நிறங்களைப் பலகையிலேயே வெளிச்சத்திலிருந்து நிழல் வரை ஐந்தாறு படிகளாகக் கலந்து வைத்து, பக்கம் பக்கமாகப் பொருத்துங்கள். இரண்டு படிகள் சந்திக்கும் விளிம்பை மட்டும் காய்ந்த தூரிகையால் ஒருமுறை தொட்டால் போதும்.

கேள்வி: நான் வரையும் தோல் சுண்ணாம்பு பூசியது போல இருக்கிறது.

பதில்: டைட்டானியம் வெள்ளையைக் குறையுங்கள். பூகெரோ காலத்தில் இருந்தது ஈய வெள்ளை. அதன் மூடுதிறன் குறைவு, அதனால் கீழ்ப்பூச்சின் சூடான செம்மஞ்சள் சாயல் மேலே கசியும். டைட்டானியம் சிறு துளியே எல்லாவற்றையும் குளிரவைத்து மூடிவிடும். நிறத்தை வெளிச்சமாக்க வேண்டிய இடத்தில் முதலில் மஞ்சள் காவியைச் சேர்த்துப் பாருங்கள், போதாதபோது மட்டும் வெள்ளை. ஈய வெள்ளையே வாங்கலாமே என்று தோன்றும். அது நஞ்சு. வாங்கினாலும் காய்ந்த பரப்பை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது.

கேள்வி: கறுப்புப் பின்னணியில் மட்டும் ஆறு மாதத்தில் வெடிப்பு விட்டுவிட்டது. ஏன்?

பதில்: ஐவரி கறுப்பு மெதுவாகக் காயும். அதை அடியில் தடிப்பாகப் பூசி, விரைவில் காயும் நிறத்தை மேலே போட்டால், மேல்தோல் இறுகிய பிறகும் அடி நகர்ந்துகொண்டிருக்கும். அடிப்பூச்சுக்கு விரைவில் காயும் அம்பர் என்ற பழுப்பு மண்நிறத்தை எடுங்கள், எண்ணெய் குறைவாக இருக்கட்டும். மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டலாம். 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் ஆழமான நிழலுக்காக பிட்டுமென் என்ற தார் போன்ற பழுப்பு நிறத்தைப் பயன்படுத்திக் கெட்டுப்போன படங்கள் நிறைய. அது முழுதாகக் காய்வதே இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்' இன்று இருண்டு கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பெண்களுக்கும் அவர் கற்றுக்கொடுத்தாரா?

பதில்: ஆம். 1875இல் இருந்து பாரிஸின் தனியார் ஓவியப் பள்ளியான அகாடமி ஜூலியனில் கற்பித்தார். அரசின் கலைப் பள்ளியான எகோல் தே போசார் 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை, ஜூலியன் சேர்த்துக்கொண்டது. அவர் 1896இல் மணந்த எலிசபெத் ஜேன் கார்ட்னரும் ஓவியர்தான், அமெரிக்கர்.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் ஏன் மறக்கப்பட்டார்?

பதில்: 1850இல் இளம் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் ரோம் பரிசு, 1876இல் பிரெஞ்சு நுண்கலை அகாடமி உறுப்பினர் பதவி, அமெரிக்கச் செல்வந்தர்களின் வரிசை என்று உச்சத்தில் இருந்தவர். தூரிகைத் தடம் தெரிய, ஒளியின் கணநேரத் தோற்றத்தை வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகள் வென்றபின், அவர்கள் எதிர்த்த சலோன் என்ற பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியின் முகமாகவே அவர் பார்க்கப்பட்டார். இம்ப்ரெஷனிஸ்டுகளில் ஒருவரான தெகாவின் வட்டத்தில் மழுமழுவென்ற பரப்பைக் குறை சொல்ல அவர் பெயரையே கேலிச்சொல்லாக்கினார்கள். பாடுபொருள் சில சமயம் தித்திப்பாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கைவிரல்களையும் பாதங்களையும் வரைவதில் அவரை மிஞ்சியவர்கள் குறைவு. 1984இல் பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி, கனடாவின் மான்ட்ரியாலுக்கும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டுக்கும் போனபிறகுதான் அருங்காட்சியகங்கள் அவரை மறுபடி கவனித்துப் பார்க்கத் தொடங்கின.