ஐந்தும் ஐந்தும் 55 ஆனது ஏன்?

கேள்வி: பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொன்னேன். 5, 5 என்று கொடுத்தால் 10-க்குப் பதில் 55 வருகிறது. கம்ப்யூட்டரில் கோளாறா?

பதில்: கம்ப்யூட்டர் பாவம், அதை விடுங்கள். இன்புட் ஃபங்ஷன் நீங்கள் எதைத் தட்டினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் பைத்தான் கணக்குப் போடாது, பூ தொடுக்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துவிடும். வாங்கியதை, எழுத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட் ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டுக் கூட்டுங்கள், 10 வரும். 2.5 போன்ற தசம எண் என்றால் இன்ட்டுக்குப் பதில் ஃப்ளோட் ஃபங்ஷன். தட்டி வாங்கிய 2.5-ஐ அப்படியே இன்ட்டிடம் கொடுத்தால் வேல்யூ எரர் என்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

அப்புறம், நீங்கள் பார்த்துப் படிக்கும் பாடத்தில் இன்ட் இல்லாமலே 10 வந்திருந்தால் அது பைத்தான் 2 என்ற பழைய பதிப்பின் காலத்துப் பாடம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-லேயே முடிந்துவிட்டது, வேறு பாடம் தேடுங்கள்.