பழைய விலையைச் சொல்லும் ஏஐ உதவியாளர்: நினைவகச் சந்தா கட்டலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி நடத்துகிறோம். வாட்ஸ்அப்பில் விவசாயிகளுக்குப் பதில் சொல்ல ஏஐ உதவியாளர் வைத்திருக்கிறோம். நேற்றுப் பேசியவரை இன்று அதற்கு அடையாளம் தெரியவில்லை. தோத்தாபுரிக்குப் போன பருவத்து விலையைச் சொல்கிறது. ‘மனித மூளை போன்ற நினைவகம்’ சேர்க்க ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். இரண்டுக்கும் ஒரே மருந்தை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

முதலாவது எளிது. பேசப் பேச இந்த மென்பொருள் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. உரையாடல் முடிந்ததும் குறிப்பெடுத்துத் தனியே சேமித்து, அதே எண்ணிலிருந்து மறுபடி செய்தி வரும்போது உதவியாளர்முன் எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

விலை விஷயம் வேறு. உளவியலாளர் எண்டல் டல்விங் 1972-இல் நிகழ்வுகளின் நினைவையும் பொது அறிவையும் பிரித்துக் காட்டினார். ‘இவர் தோட்டம் தோத்தாபுரி’ என்பது அறிவு. ‘அன்று டன் இவ்வளவுக்குப் போனது’ என்பது நிகழ்வு. தேதியை எடுத்துவிட்டால் அது பொய். தேதியில்லாத குறிப்புகளின்மேல் இன்னும் நினைவைக் கொட்டினால் பிழைதான் பெருகும். விலையை நினைவில் வைக்கவே வேண்டாம். அன்றைய விலைப்பட்டியலைப் பார்த்து மட்டும் சொல்லட்டும்.

‘மூளையைப் போலத் தேவையற்றதை மறக்கும்’ என்பார்கள். 2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மை, முக்கியத்துவம், பொருத்தம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு நினைவுகளை எடுக்கும் முறையைக் காட்டினார்கள். நல்ல முறைதான், ஆனால் விவசாயிகளுக்கு நீங்கள் கொடுக்கும் முன்பணத்துக்கு ஆகவே ஆகாது. பூ விடும்போது கொடுத்த பணத்தைப் பற்றி அறுவடைவரை யாரும் பேசமாட்டார்கள். பேசாததாலேயே அந்தக் குறிப்பு பின்னுக்குப் போய்விடும். ‘என் பாக்கி எவ்வளவு?’ என்று விவசாயி கேட்கும்போது இயந்திரம் ஏதோ ஒரு தொகையைத் தயங்காமல் சொல்லும், அவரும் நம்பிவிடுவார். பாக்கி உங்கள் கணக்குப் பதிவேட்டில் இருக்கட்டும். அங்கே கிடைக்காவிட்டால் ‘மண்டியில் கேளுங்கள்’ என்று மட்டும் அது சொல்ல வேண்டும்.

சந்தா விற்பவரிடம் ஒன்றைக் கறாராகக் கேளுங்கள்: நாங்கள் விலகினால் குறிப்புகள் முழுவதும் எங்கள் கைக்கு வருமா? விவசாயிகளின் எண்ணும் பாக்கியும் அவர் சர்வரில் மாட்டிக்கொண்டால், ஆண்டுதோறும் அவர் சொல்வதுதான் சந்தா. ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் நீட்டுகிறார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே நிறைவேறியும், மண்டிக்காரருக்கு அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. இது அநியாயம்.

விற்க வருபவர் எதிரிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். விலைப்பட்டியலில் டன் 20,000 ரூபாய் என்று பதியுங்கள். சற்று நேரத்தில் 17,000 என்று திருத்துங்கள். மறுநாள் புது உரையாடலில் விலை கேளுங்கள். 17,000 என்பதோடு எந்தத் தேதி விலை என்றும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவரை அனுப்பிவிடுங்கள்.