பராமரிப்பு நேரம் ஏன் மாறியது?

கேள்வி: கீழக்கரையில் நானும், துபாயில் வேலை பார்க்கும் அண்ணனும், சிங்கப்பூரிலுள்ள மச்சானும் சேர்ந்து ஓர் ஆன்லைன் விளையாட்டை ஆடுகிறோம். செவ்வாய்தோறும் இரவு எட்டரை மணிக்குப் பராமரிப்புக்காக அதை நிறுத்துவார்கள். மார்ச்சில் அது திடீரென ஏழரை ஆகிவிட்டது. ஏன்?
- வாசகர், கீழக்கரை

பதில்: நீங்கள் தரும் நேரங்களைப் பார்த்தால், பராமரிப்பு அமெரிக்க மேற்குக் கரையின் கடிகாரப்படி நடப்பதாகத் தோன்றுகிறது. அங்கே காலை ஏழு மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதாலும், இந்தியாவில் அவ்வழக்கம் இல்லாததாலும், நவம்பர் முதல் ஞாயிறு வரை அது ஏழரையாகவே இருக்கும். அப்போது உங்கள் அண்ணனுக்கு மாலை ஆறு, மச்சானுக்கு இரவு பத்து.

மண்டபத்திலும் பாம்பனிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதுபோல, எல்லோரும் ஓய்ந்திருக்கும் ஒரு காலம் உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே உள்ளூர் ஆட்டக்காரர் குறைவாகவும், கோளாறு நேர்ந்தால் சரிசெய்யப் பொறியாளர்கள் பணியிலும் இருக்கும் வேலைநாள் காலையைத் தேர்கிறார்கள். ஆனாலும் ஒரே வட்டாரத்தார் வாரந்தோறும் தம் மாலையை இழப்பது நியாயமன்று. வட்டாரத்துக்கொரு சர்வர் (விளையாட்டை இயக்கும் கணினி) இருந்தால் ஒவ்வொன்றையும் அந்தந்த ஊரின் விடியற்காலையில் நிறுத்தலாம், இல்லையேல் நேரத்தைச் சுழற்சி முறையில் மாற்றலாம். இதை நிறுவனத்துக்கு எழுதுங்கள். அறிவிப்பை உலகப் பொது நேரத்திலும் (UTC) வெளியிடக் கேளுங்கள். அதனுடன் ஐந்தரை மணி கூட்டினால் கீழக்கரை, நான்கு கூட்டினால் துபாய், எட்டு கூட்டினால் சிங்கப்பூர்.